மாதாவுக்குத் தொலைபேசி இலக்கம் இல்லை

டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் வசிக்கும் விமலராணிக்கு அளவு நாடா பிடிக்கத் தெரியும். ஊசியில் நூல் கோக்கத் தெரியும். பிளயஹெம் என்று டேனிஷ்காரர் சொல்லும் முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதுக்காரரைக் கோபப்படுத்தாமல் குளிப்பாட்டவும் தெரியும். பொய் சொல்லத்தான் தெரியாது. அதிலும் படிவத்தில் பொய் எழுதுவது அவளுக்கு வரவே வராது. பேனாவைக் கையில் எடுத்தால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டவள் போல ஆகிவிடுவாள். இந்தக் கதையில் நடந்த கேடு அத்தனைக்கும் அதுதான் காரணம் என்று ஓர் அலுவலகம் பிறகு எழுத்தில் தெரிவித்தது.

அவள் தைப்பது கோயில்களில் வைக்கும் சொரூபங்களுக்கான உடுப்பு. மாதாவுக்கு நீல வெல்வெற்றில் மேலங்கி, சூசையப்பருக்கு மண்ணிறப் போர்வை, குழந்தை யேசுவுக்கு வெள்ளைச் சட்டை. தங்கள் கோயில் திருநாளுக்கென்று ஒருமுறை தைத்தது படமாகிப் போனிலே ஊர் சுற்ற, லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிற கத்தோலிக்கத் தமிழர்கள் “எங்கடை மாதாவுக்கும் ஒண்டு” என்று கேட்கத் தொடங்கினார்கள். மகள் தர்ஷனா இணையத்தில் ஒரு சின்னக் கடை திறந்து கொடுத்தாள். மாதத்துக்கு இரண்டு உடுப்பு, சில மாதம் மூன்று. பஸ் ஓட்டுகிற கணவன் பேனாட், “என்ரை மனுசி பரலோகத்துக்கே தையற்காரி” என்று வேலையிடத்தில் பீற்றிக்கொள்வான்.

ஆவணி மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து ஸ்ரெபானி என்கிற பெண் அழைத்தாள். கணவன் ஜோன்சனுக்கு இருதயத்தில் வால்வு பழுது. முப்பத்தெட்டு வயது. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

“அக்கா, வாற மாதம் பதினெட்டு, வியாழக்கிழமை காலமை எட்டு மணிக்கு அவரை ஒப்பரேசனுக்கு உள்ளுக்கை கொண்டு போகினம். அதுக்கு முதல் எங்கடை கோயில் மாதாவுக்குப் புது மேலங்கி போடுறன் எண்டு நேர்த்தி வைச்சிட்டன்.”

“அங்கையே ஆரும் தைப்பினம்தானே பிள்ளை. இஞ்சை இருந்து வர நாள் செல்லும்.”

“இல்லை அக்கா. நேர்த்தி வைக்கேக்கை உங்கடை பேரையும் சொல்லிப்போட்டன். விமலராணி அக்கா தைச்ச மேலங்கி எண்டுதான் மாதாவுக்குச் சொன்னனான். இனி மாத்தேலாது.”

மாதாவிடம் சொன்னதை மாற்றக்கூடாதுதான். விமலராணி விடுப்பில் இருந்த இரண்டு கிழமையும் மிசினுக்கு முன்னால் இருந்து, எழுபத்தொரு சென்ரிமீற்றர் உயரச் சொரூபத்துக்கு மேலங்கி தைத்தாள். ஓரமெல்லாம் கையால் சரிகை. கழுத்தில் கட்டுகிற கயிற்றின் நுனியில் இரண்டு பொன் குஞ்சம். தைக்கும்போதே அந்த நேர்த்தியில் பாதி தன் தலையிலும் ஏறிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. மேலங்கி பிந்தினால் யாருக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

முன்பென்றால் பொதியைக் கட்டி, கடைக்குள் இருக்கிற தபால் மேசையில் கொடுத்துவிட்டு, பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இந்த வருசம் புதிதாக ஓர் அலுவலகம் பிறந்திருந்தது. ‘சிறு விற்பனையாளரின் கடல்கடந்த அனுப்புகைகளை இலகுபடுத்தும் அலுவலகம்’ என்று பெயர். அதற்கு முன்னர் அது அவ்வளவு கடினமாக இருந்தது என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே உடுப்போ உருளைக்கிழங்கோ அனுப்புகிற சிறுகடைக்காரர் எல்லாரும் அதன் இணையப் பக்கத்தில் அறுபத்துநான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி: ‘பொருளை இறுதியாகப் பெறுபவர் யார்?’

விமலராணி ‘மாதா’ என்று எழுதினாள்.

வேறு யாரும் ஸ்ரெபானியின் பெயரை எழுதியிருப்பார்கள். ஆனால் ஸ்ரெபானி நேர்ந்தவள் மட்டும்தானே. கோயிலுக்குக் கொடுத்தது கோயிலில் இருப்பவருடையது. யாழ்ப்பாணத்தில் அந்தோனியாருக்கு நேர்ந்த கடா அந்தோனியாருடைய கடாதான். அதை ஒருவன் தன் பெயரில் எழுதினால் சனம் காறித் துப்பும். மாதாவின் உடைமையைக் கடதாசியிலே களவெடுக்க விமலராணியின் கை எழவில்லை.

பத்தாவது, பெறுபவரின் தொலைபேசி இலக்கம். ‘இல்லை.’ பதினோராவது, மின்னஞ்சல். ‘இல்லை.’ பன்னிரண்டாவது, பெறுபவர் உனக்கு என்ன உறவு? பட்டியலில் நண்பர், வாடிக்கையாளர், சகோதரர், தாய் என்று கிடந்தன. அவள் கொஞ்சமும் தயங்காமல் ‘தாய்’ என்பதை அழுத்தினாள்.

படிவத்தை முடித்து, பொதியைத் தபாலில் கொடுத்து மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது. ‘உனது பொதி ஓய்வெடுக்கிறது.’ உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. தடுத்து வைத்தல், மறித்தல் போன்ற சொற்கள் சிறு விற்பனையாளர்களின் மனதைப் புண்படுத்துகின்றன என்று ஆய்வு ஒன்றில் கண்டறிந்ததால், அந்த அலுவலகத்தில் பொதிகள் ஓய்வுதான் எடுக்கும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து விமலராணி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஐம்பது நிமிடம் போனிலே பியானோ இசை கேட்ட பிறகு லோன என்கிற பெண் வந்தாள். டேனிஷில் நடந்த பேச்சைத் தமிழில் சொல்லும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. டென்மார்க்கில் அரச குடும்பத்தைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். லோனவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், விமலராணிக்கு ஐம்பத்தாறு. அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல.

“உன் சொந்த அம்மாவுக்கே நீ உடுப்பு விற்கிறாயா?” என்று லோன அன்பாகக் கேட்டாள்.

“விற்றது ஸ்ரெபானிக்கு. உடுப்பு அம்மாவுக்கு.”

“அப்படியென்றால் ஸ்ரெபானி உன் சகோதரியா?”

விமலராணி யோசித்தாள். “ஒரு வகையில் ஆம்.”

“நல்லது. அம்மாவுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா?”

“ஆகிவிட்டது.”

“பிறந்த ஆண்டு?”

“சரியாகத் தெரியாது. இரண்டாயிரம் வருசத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. “என் திரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கீழே இறங்காது. அதற்குப் பிறகு ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லேன்.”

“பொய் எப்படிச் சொல்வது?”

“பொய் வேண்டாம். பொருத்தமான ஆண்டு போதும்.” லோன அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். “அந்தக் கோயில் முகவரியில்தான் அம்மா வசிக்கிறாளா?”

“அங்கேயும் இருக்கிறார். மற்ற இடங்களிலும் இருக்கிறார்.”

“ஒரே நேரத்திலா?”

“ஆம்.”

“ஒன்றுக்கு மேற்பட்ட வதிவிடம்,” என்று லோன சொல்லிக்கொண்டே தட்டினாள். “அதற்கு மேலதிகப் பரிசீலனை இருக்கிறது. கவலைப்படாதே, அது தானாகவே ஆரம்பமாகும்.”

விமலராணிக்குப் பதற்றம் பிடித்தது. பெறுபவர் பெயரை ஸ்ரெபானி என்றே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். மாற்றலாம் என்றாள் லோன. ஆனால் மோசடிக்காரர்கள் அப்படித்தான் மாற்றுவார்கள் என்பதால் முதலில் எழுதப்பட்டவரின் கையெழுத்துடன் சம்மதக் கடிதம் வேண்டும். அப்போ பொதியைத் திருப்பித் தந்துவிடு, யாராவது கனடா போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள் விமலராணி. ஓய்வெடுக்கும் பொதியை முப்பது நாளைக்குக் குழப்ப முடியாது. நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு லோன போனை வைத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியின் பிறந்த திகதியையே பூசாரி கேட்கிறான்.

ஸ்ரெபானி ஒரு நாளைக்கு இரண்டு தரம் செய்தி அனுப்பினாள். “அக்கா, எங்கை நிக்குது?” ஜோன்சனுக்குப் படியேற முடியாமல், கட்டிலைக் கீழே இறக்கிவிட்டார்கள். விமலராணி “வருது பிள்ளை” என்று எழுதி, அது பொய்யா இல்லையா என்று தெரியாமல் அழித்து, “செபியுங்கோ” என்று எழுதி அனுப்பினாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டாள். இருபது வருசத்தில் அதுதான் முதல் தரம்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு S-ரயில் பிடித்துக் கோப்பன்ஹேகன் போனாள். சத்திரசிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அலுவலகம் கண்ணாடியால் கட்டியது. உள்ளே மரம் வளர்ந்தது, வாசலில் நூறு சைக்கிள் நின்றது, எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் அவளைக் கடிந்து பேசவில்லை. யாராவது ஒருவர் கோபப்பட்டிருந்தாலாவது திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம்.

கோப்பியும் கறுவாப் பட்டை போட்ட பணிசும் வைத்த மேசையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஹென்ரிக் என்கிற இளம் அதிகாரி, பிர்கிட்டா என்கிற தலைமை அதிகாரி. பிர்கிட்டா தொடங்கினாள்.

“முதலில் உன்னை வரவேற்கிறோம். முன்பெல்லாம் இந்த நாட்டிலிருந்து பன்னிரண்டாயிரம் சிறு விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பினார்கள். பெரும் குழப்பம். யார் எதை எங்கே அனுப்புகிறார் என்று எவருக்கும் தெரியாது. பொதிகள் தம்பாட்டில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் வந்து இலகுபடுத்தினோம். இன்று நானூறு பேர். போன மாதம் அவர்களிடம் கருத்துக் கேட்டோம், தொண்ணூற்றாறு வீதம் மிகத் திருப்தி. விட்டுப் போனவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடுகூட இல்லை.”

“விட்டுப் போனவர்களிடம் கேட்டீர்களா?” என்று விமலராணி கேட்டாள். கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

“அவர்கள் எங்கள் பயனாளர்கள் அல்லவே,” என்றாள் பிர்கிட்டா இரக்கத்தோடு. “எங்கள் நோக்கம் பொதியை நிறுத்துவது அல்ல. அனுப்பத்தான் வேண்டுமா என்று அனுப்புகிறவரே ஆழமாக யோசிக்க இடம் கொடுப்பது. அந்த அமைதியை நாங்கள் இலவசமாக வழங்குகிறோம்.” பிறகு இன்னொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லி, ஒரு பணிசை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஹென்ரிக் மேலங்கியின் படத்தைத் திரையில் விரித்தான். “அழகாக இருக்கிறது,” என்றான். மனதாரத்தான் சொன்னான். “இது என்ன பொருள் என்று முடிவுசெய்துவிட்டால் போதும். பெறுபவர் சிக்கல் தானாகத் தீரும். உடுப்பா?”

“உடுப்புத்தான்.”

“அணிபவர் பெரியவரா, குழந்தையா?”

“பெரியவர்.”

“உயரம்?”

“எழுபத்தொரு சென்ரிமீற்றர்.”

அவன் அட்டவணையை மேலும் கீழும் உருட்டினான். “அப்படி ஒரு பெரியவர் எங்களிடம் இல்லை. எழுபத்தொன்று என்றால் ஒன்பது மாதக் குழந்தை. குழந்தை உடுப்பின் கழுத்தில் கயிறு இருக்கக்கூடாது, குஞ்சமும் கூடாது. அவள் ஓடி விளையாடும்போது எங்காவது மாட்டிக்கொண்டால்?”

“அவர் ஓடமாட்டார்.”

“இன்னும் நடக்கப் பழகவில்லையா?”

“நின்ற இடத்திலேதான் நிற்பார்.”

ஹென்ரிக்கின் முகம் வாடியது. குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு காலமாக?” என்று கேட்டான். அசைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான உடுப்பு என்றால் மருத்துவப் பொருள் பிரிவுக்குப் போகும், வைத்தியரின் கடிதம் வேண்டும் என்றான். விமலராணி பதறிப்போய்ப் போனில் இருந்த கோயில் படத்தைக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

“ஓ, சிலை,” என்றான்.

“சொரூபம். மாதா.”

“அப்படியானால் இரண்டு வழி. சமயப் பொருள் என்று பதியலாம். அணிபவர் உண்மையில் சமயத் தன்மை உடையவர்தானா என்று ஒரு குழு தீர்மானிக்கும். குழு ஒக்டோபர் கடைசியில் கூடும்.”

“வருகிற கிழமை வியாழக்கிழமைக்கு முதல் அங்கே போக வேண்டும். ஒரு மனிதருடைய உயிர்.”

“அப்போ இரண்டாவது வழி. பொம்மை உடுப்பு.” அவன் முகம் மலர்ந்தது. “பொம்மைக்கு வயது கேட்கமாட்டோம். தொலைபேசி கேட்கமாட்டோம். பெறுபவர் தானாகவே வாங்கியவராக மாறிவிடுவார். ஒரே ஒரு கட்டத்தில் சரி போட்டால் போதும்.”

திரையை அவள் பக்கம் திருப்பினான். ‘அணிபவர் உயிருள்ளவர் அல்லர் என்றும், அவரை உயிருள்ளவராக நான் கருதவில்லை என்றும் இத்தால் உறுதியளிக்கிறேன்.’

விமலராணி இரண்டு தரம் வாசித்தாள். 

“இதைப் போடாமல் விட முடியாதா?”

“நீ தவறாக விளங்கிக்கொள்ளக்கூடாது,” என்றான் ஹென்ரிக். “டென்மார்க்கில் நாங்கள் யாரிடமும் என்ன நம்புகிறாய் என்று கேட்பதில்லை. அது உன் சுதந்திரம். நம்பவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தினால் போதும்.”

யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சைக்கிள்களுக்கு நடுவில் நின்று பேனாட்டை அழைத்தாள். அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உதென்ன பெரிய விசயமே,” என்றான். “அவையள் கேக்கிறது கடதாசிக்கு. மாதா என்ன கடதாசி பாக்கிறவவே? போட்டிட்டு வாரும்.”

“கடதாசி எண்டாலும் என்ரை கைதானே போடுறது.”

“அப்ப போடாமல் வாரும்.”

“ஜோன்சன்?”

 பேனாட்டுக்குப் பின்னால் யாரோ முள்ளுக்கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. “எனக்கெண்டால் தெரியேல்லை ராணி,” என்றான் கடைசியில். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

திரும்பி உள்ளே போனாள். ஹென்ரிக் சுட்டியை அவள் கைக்குக் கிட்டவாகத் தள்ளி வைத்தான். அவள் மனதுக்குள் ஸ்ரெபானியின் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு அழுத்தினாள். சத்தமே வரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு சின்ன டிக் சத்தமாவது வந்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

“வாழ்த்துகள்,” என்றான் ஹென்ரிக். “பொம்மை உடுப்பு முதல்முறை அனுப்புகிறவர் என்பதால் வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பார்வை இருக்கும். அதுவரை பொதி விமான நிலையத்தில் ஓய்வெடுக்கும். நான்தான் வருவேன்.”

வெள்ளிக்கிழமை சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். விமலராணி தேத்தண்ணியும் மீன் ரோல்சும் கொடுத்தாள். இரண்டு சாப்பிட்டுவிட்டு, ‘பரிசோதனையின்போது பெற்ற அன்பளிப்பு: பொரித்த உருளை இரண்டு, உள்ளே மீன்’ என்று படிவத்தில் எழுதிக்கொண்டான். மிசினைப் பார்த்தான், கத்தரிக்கோலை அளந்தான், நூல்கட்டைகளை நிறம் நிறமாக எண்ணினான். தர்ஷனாவும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலே நின்றாள்.

“உடுப்பின் அளவைச் சரிபார்க்க மாதிரிப் பொம்மை ஒன்று வைத்திருக்க வேண்டும்,” என்றான் ஹென்ரிக். “எங்கே?”

 அவன் தானாகவே அறையைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் சின்ன மேசை, வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி, அதற்குப் பின்னால் மாதா. தர்ஷனா பிறந்த வருசம் வாங்கிய சொரூபம். இருபத்தாறு வருசமாக ஒவ்வொரு நாளும் அந்த முகத்துக்கு முன்னால்தான் செபமாலை சொல்லுவார்கள். விமலராணியின் தாய் செத்த செய்தி ஊரிலிருந்து வந்தபோது அவள் விழுந்து அழுததும் அந்த மேசையடியில்தான்.

“ஆ, இதுதானா?”

அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

“இல்லையென்றாலும் பரவாயில்லை,” என்றான் அவன் அவசரமாக. அவளைச் சங்கடப்படுத்த அவனுக்கு மனமில்லை. “வீட்டில் பொம்மையே இல்லாமல் பொம்மை உடுப்புத் தைக்கிறாய் என்று எழுதுவேன். அது பொய் உறுதிமொழிப் பிரிவுக்குப் போகும். அங்கே இருக்கிறவர்களும் நல்லவர்கள்தான். பொதி ஒக்டோபரில் உன்னிடம் திரும்பி வரும்.”

வீட்டில் எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லுகிற தர்ஷனா, தமிழில், “அம்மா, நீங்கள் சொல்லாதேங்கோ,” என்றாள். “நான் சொல்லுறன். எனக்கு ஒண்டும் இல்லை.”

விமலராணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒண்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க நேரம் இல்லை.

“வேண்டாம் பிள்ளை. ஒப்பம் வைச்சது நான்.” பிறகு ஹென்ரிக்கிடம் டேனிஷில், “ஆம்,” என்றாள். “பொம்மைதான்.”

வேதாகமத்தில் யேசுவை மறுதலித்த சீடனுக்குக் கூவியதுபோலச் சேவல் எதுவும் கூவவில்லை. அந்த மாடிக் குடியிருப்பில் சேவல் வளர்க்க அனுமதி இல்லை.

ஹென்ரிக் நாடாவை எடுத்தான். உயரம் பார்க்க அதைப் படுக்கப்போடலாமா என்று கேட்டான். அவன் கை படுமுன்னர் விமலராணி ஓடிப்போய்த் தானே தூக்கி, நோயாளியைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி ஒரு கையைக் கழுத்துக்குக் கொடுத்துக் கிடத்தினாள். நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர். உடுப்பு எழுபத்தொன்றுக்குத் தைத்தது என்பதை அவன் படிவம் கேட்கவில்லை. கிரீடம் தனியாகக் கழலுகிறது. கையில் தொங்குகிற செபமாலையும் கழலுகிறது. அவன் பையிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து, மாதாவின் பாதத்துக்குக் கீழே, பீடத்தின் முன்பக்கத்தில் நன்றாக அழுத்தி ஒட்டினான். ‘விளையாட்டுப் பொருள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. விழுங்கக்கூடிய சிறு பாகங்கள் உண்டு.’

“ஐந்து வருசத்துக்கு இதைக் கழற்றக்கூடாது,” என்றான். “வேறு ஒன்றும் இல்லை. மிகவும் இதமான வீடு.” வாசலில் நின்று போனில் எதையோ அழுத்தினான். பொதி விழித்துக்கொண்டது.

புதன்கிழமை பின்னேரம், அங்கே மதியம், ஸ்ரெபானி வீடியோவில் வந்தாள். கோயிலுக்குள் நின்றாள். நீல வெல்வெற்றும் சரிகையும் மின்ன மாதா நின்றார். ஸ்ரெபானி அழுதுகொண்டே சிரித்தாள்.

“அக்கா, பாருங்கோ, என்ன வடிவு! பெட்டியிலை என்னவோ பொம்மை உடுப்பு எண்டு ஒட்டியிருந்தது, ஃபாதர் பாத்திட்டு உது என்னெண்டு கேட்டவர். அவங்களுக்கு விளங்காது ஃபாதர், விசர் பிடிச்சவங்கள் எழுதினது எண்டு சொன்னனான்.”

“ஓம்,” என்றாள் விமலராணி.

“நாளைக்கு அவருக்கு ஒண்டும் நடவாது அக்கா. எனக்கு இப்ப பயம் இல்லை. உங்களுக்காகவும் மன்றாடினனான்.”

விமலராணி திரையில் மேலங்கியின் தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அதற்கு மேலே உயர்த்த அவளால் முடியவில்லை.

போனை வைத்ததும் அலுவலகத்தின் மின்னஞ்சல் ஒன்று கிடந்தது. அவளுடைய தாமதத்துக்கெல்லாம் காரணம் ஒன்பதாவது கேள்விக்கு அவள் அளவுக்கு மிஞ்சிய நேர்மையுடன் பதிலளித்ததே என்றும், இனி அந்தச் சிரமம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவள் இப்போது நம்பகமான அனுப்புநர். ‘அணிபவரை உயிருள்ளவராகக் கருதவில்லை என்ற உன் உறுதிமொழியை நாங்கள் நினைவில் வைத்துள்ளோம். இனி நீ அனுப்பும் ஒவ்வொரு பொதியுடனும் அது தானாகவே சேர்க்கப்படும்.’

“கடையைப் பூட்டு பிள்ளை,” என்றாள் மகளிடம்.

“எத்தனை நாளைக்கு?”

“பூட்டு.”

தர்ஷனா கணினியைத் திறந்து, கடையைப் பூட்டினாள்.

வியாழக்கிழமை விமலராணி வேலையிலிருந்து அனுமதி கேட்டுக்கொண்டு நேரத்தோடு வந்தாள். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே பின்னேரம் இரண்டு. வீட்டில் யாரும் இல்லை. மஞ்சள் ஒட்டுத்தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். பசை பீடத்தின் வர்ணத்தையும் சேர்த்துக் கிளப்பியது. பயந்து, திருப்பி அழுத்திவிட்டாள். இரண்டு மணிக்கு மெழுகுதிரியைக் கொளுத்தி, முழந்தாளிட்டு, செபமாலையைக் கையில் எடுத்தாள். முதல் மணியிலேயே விரல் நின்றது. பொம்மை என்று சொன்ன அதே வாயால் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரொறன்ரோவில் இந்நேரம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

அவள் செபமாலையைக் கீழே வைத்தாள்.

“அம்மா,” என்றாள். “நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும். இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனால் அதுக்கு அந்தப் பெடியனைப் பிடிக்காதேங்கோ. அவன் எழும்பி வீட்டை வரட்டும். பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டு, எத்தினை கேள்வியெண்டாலும் கேளுங்கோ. நான் ஒண்டும் ஒளிக்க மாட்டன்.”